எதிர்க்கடை இல்லாத கடை

கடைத்தெருவில் பிறந்த பிள்ளைக்குப் பேச்சு வருமுன்பே பேரம் வந்துவிடும். பால் கிண்ணத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கிண்ணம் இன்னும் கொஞ்சம் நிறைந்தால் இந்தப் பக்கம் பார்க்கும். எங்கள் தெருப் பாத்திரக்கடைக்காரர் அப்படி வளர்ந்தவர். யார் எதைச் சொன்னாலும் அதில் பாதியைத் திருப்பிச் சொல்வது அவருக்குக் கொட்டாவி மாதிரி, தானாக வரும். டாக்டர் "பத்து நாள் ஓய்வு எடுங்க" என்றால், "அஞ்சா வச்சுக்கலாம் டாக்டர்" என்பார். கல்யாணம் பேசப் போன இடத்தில், "பொண்ணுக்கு ஓடறதுன்னா பைத்தியம். தினமும் இருபது கிலோமீட்டர் ஓடுவா" என்று மாமனார் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "பத்து ஓடட்டுமே" என்று கேட்டுப் பார்த்தார். "இருபதுக்குக் குறையாது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் வாழ்க்கையில் படியாத பேரம் அது ஒன்றுதான். அதையே கட்டிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார்.

ஓட்டக்காரி என்றால் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான். கடைகள் திறக்குமுன் கிளம்பிப் போவாள். முதல் ஷட்டர் தூக்கும் சத்தத்துக்குத் திரும்பி வருவாள். வயது முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. வரப்போகும் பெரிய ஓட்டத்தை விட்டால் அவளுக்கு வேறு ஓட்டம் இல்லை. அதற்குமேல் கால் கடன் கொடுக்காது. அதற்கான தேர்வு ஓட்டத்தில், எல்லாரும் அவளை மறந்திருந்த நேரத்தில், இளவட்டங்களைப் பின்னால் விட்டு முதலாவதாக வந்தாள்.

வந்த கையோடு, ஓடுகிறவர்கள் ஊக்க மருந்து சாப்பிடுகிறார்களா என்று பார்க்கும் தூய்மை வாரியத்தின் வெள்ளை வேன் வந்து நின்றது. அதிலிருந்து பாட்டிலம்மா இறங்கினாள். ஜெயித்தவர்களின் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு போவது அவள் உத்தியோகம். ஓட்டக்காரியோடு கழிவறைக்குள்ளேயே வந்தாள்.

"கதவைச் சாத்திக்கலாமா?" என்று கேட்டாள் ஓட்டக்காரி.

"தாராளமா. நான் உள்ளதான் இருப்பேன்."

கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிறைந்த பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "ரொம்பத் தெளிவா இருக்கே" என்றாள். அதில் பாராட்டு இல்லை.

கொஞ்ச நாள் கழித்து வாரியத்தின் செயலாளரே கடைக்கு வந்தார். ஒல்லியான மனிதர். பஞ்சு வைத்துப் பேசுவது போன்ற குரல். அடுக்கி வைத்த பானைகளுக்கு நடுவே நின்று, ஒரு பித்தளைப் பானையை விரல் முட்டியால் தட்டினார். பானை கணீரென்றது.

"விரிசல் இருந்தா சத்தம் வேற மாதிரி வரும் சார். நம்ம சரக்குல விரிசல் கிடையாது" என்றார் கடைக்காரர்.

"பயப்படாதீங்க, நான் வாங்க வரலை. உங்க வீட்டம்மா பாட்டிலைப் பரிசோதிச்சோம். அதுல ஒண்ணும் இல்லை."

"அப்பாடா!" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணுமே இல்லை. அதான் பிரச்சினை." செயலாளர் பானையை இன்னொரு முறை தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "வழக்கமா ஏதாவது இருக்கும். ஒரு இருமல் மருந்து, ஒரு தலைவலி மாத்திரை. இத்தனை வருஷத்துல ஒண்ணுமே இல்லாத பாட்டிலை நாங்க பார்த்ததில்லை. விசாரணைக்கு வந்துடுங்க. பயப்படாதீங்க."

இரண்டு முறை பயப்படாதே என்றவனைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த மாமியார் அவர் போகும்வரை பொறுத்திருந்தாள். "இவளா மருந்து சாப்பிட்டா? காய்ச்சல்ல நான் குடுத்த மாத்திரையை ஜன்னல் வழியா எறிஞ்சவ இவ! அந்த ஜன்னலைக் கூட்டிட்டுப் போய் சாட்சி சொல்லச் சொல்லு" என்றாள். மருமகளிடம் அவள் காட்டிய முதல் பாசம் அதுதான்.

வாரியம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும். காத்திருக்கும் அறையில் ஒரு பெரிய மீன் தொட்டி. உள்ளே நீல விளக்கு, கூழாங்கல், குமிழி விடும் குழாய் எல்லாம் இருந்தன. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மீன் மட்டும் இல்லை.

கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மீன் எங்க?" என்று வாசல் சிப்பந்தியைக் கேட்டார்.

"இருந்துச்சு சார். தண்ணியை அழுக்காக்கிட்டே இருந்துச்சு. எடுத்துட்டாங்க."

உள்ளே நீள மேசை. நடுவில் தலைவர், ஒரு பக்கம் செயலாளர், சுவரோரம் பாட்டிலம்மா. லிஃப்ட்டில் ஏறி வந்த தலைவருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, ஒரு மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நான் ஒரு நாள்கூட ஓடினதில்லை" என்றார் கம்பீரமாக. "பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லை. அதனாலதான் இந்த நாற்காலியில பாரபட்சமில்லாம உட்கார முடியுது. ஓடறவங்க இருக்கிற வரைக்கும் விளையாட்டுல அழுக்கு இருக்கும். நான் பதவிக்கு வந்தப்ப நூத்துக்கணக்குல ஓடிட்டு இருந்தாங்க. இப்ப எண்ணி இருபது பேர். இந்த வளர்ச்சி போதாது. நாங்க இன்னும் நிறையச் செய்யணும்."

பாட்டிலம்மா கைதட்டினாள். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை என்றதும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நீங்க என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்றார் செயலாளர் மெதுவாக.

"ஒண்ணும் சாப்பிடலை சார்."

"அதைத்தான் பாட்டிலும் சொல்லுது. நீங்க சொல்றதையே பாட்டிலும் சொல்லுதுன்னா, ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சிருக்கீங்கன்னு ஆகுதில்ல?"

ஓட்டக்காரி கணவனைப் பார்த்தாள். கடைக்காரர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விதி தெளிவா இருக்கு" என்றார் தலைவர். "மருந்து கிடைச்சா நாலு வருஷத் தடை. கிடைக்காத அளவுக்கு மறைச்சிருந்தா எட்டு வருஷம். ஆகவே எட்டு வருஷம்."

அப்போதுதான் அது நடந்தது. எங்கள் தெருக்காரன் ஒருவனால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எட்டு என்ற சொல் காதில் விழுந்ததும், மூளையைக் கேட்காமலே கடைக்காரர் வாய் திறந்தது.

"எட்டெல்லாம் ரொம்ப அதிகம் சார். நமக்குள்ள என்ன, ஒரு வருஷம் போட்டுக் குடுங்க."

ஓட்டக்காரி அவர் தொடையைக் கிள்ளினாள். அதை அவர், இன்னும் குறைத்துக் கேள் என்று எடுத்துக்கொண்டார். "ஆறு மாசம்னா இப்பவே முடிச்சுக்கலாம்."

செயலாளர் முதல் முறையாகச் சிரித்தார். "பதிவு பண்ணிக்குங்க. குற்றவாளி தரப்பு, தண்டனையோட அளவைப் பத்தி மட்டும்தான் ஆட்சேபிக்குது. குற்றத்தைப் பத்தி ஆட்சேபணை இல்லை."

"ஐயோ, நான் சும்மா கேட்டேன் சார்!"

"உங்க கடைக்கு வந்து பானை விலையைக் குறைச்சுக் கேக்கறவர், பானை வேணும்னுதானே கேக்கறார்?"

கடைக்காரர் சரக்கையே எடுத்து அவர் தலையில் கட்டுகிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் வியாபாரி கடைசிவரை வியாபாரிதான். மனைவியின் காதில் குனிந்து, "எழுந்திரு. பேசாம நட. வாசலைத் தாண்டறதுக்குள்ள பின்னாலருந்து கூப்பிடுவாங்க. எல்லாக் கடையிலயும் அதான் வழக்கம்" என்றார்.

எழுந்தார்கள். நடந்தார்கள். கதவருகே கடைக்காரர் கொஞ்சம் தாமதித்தார். மீன் இல்லாத தொட்டியருகே செருப்பு வாரைச் சரிசெய்தார். படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். குழாய் குமிழி விடும் சத்தம் மட்டும் கேட்டது. தெருவுக்கே வந்துவிட்டார்கள்.

"கூப்பிடலையேங்க" என்றாள் அவள்.

கடைக்காரர் அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். எதிரே இன்னொரு வாரியம் இருக்கிறதா என்று திரும்பியும் பார்த்தார். வெறும் சுவர். எதிர்க்கடை இல்லாத கடைக்காரன் யாரையும் கூப்பிட மாட்டான்.

மறுநாளிலிருந்து நிழல்காரர் வந்தார். தெரு வைத்த பெயர். தடை செய்யப்பட்டவர்கள் ஓடுகிறார்களா என்று கண்காணிக்கும் ஆள். கழுத்தில் விசில், கையில் குடை. கடைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஓட்டக்காரி வெளியே கிளம்பினால் பின்னாலேயே வருவார். நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டால் விசில் ஊதுவார். மழைக்கு எல்லாரும் ஓடி ஒதுங்கும்போது அவள் மட்டும் நடுத்தெருவில் நனைந்தபடி நடந்து வந்தாள். பின்னால் அவர் குடையோடு நடந்து வந்தார்.

"ஏன்யா, மனசுக்குள்ள ஓடினா அதுக்கும் ஊதுவியா?" என்று மாமியார் கேட்டாள்.

"அதுக்குக் கருவி வாங்கச் சொல்லி எழுதியிருக்கோம்மா" என்றார் அவர். கேலி செய்யத் தெரியாத மனிதர்.

பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற வாடிக்கைக்காரர்கள் இப்போது தட்டிவிட்டு, கணீரென்ற சத்தம் கேட்டதும் யோசிக்க ஆரம்பித்தார்கள். "சத்தம் ரொம்பச் சுத்தமா இருக்கே" என்று ஒருத்தி வைத்துவிட்டுப் போனாள். வேறு தெருக்களிலிருந்து வந்து அவளோடு ஓடிப் பழகிய பெண்கள் தெருவுக்கு அந்தப் பக்கமாகப் போனார்கள். ஓட்டக்காரிக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் முழங்கால் இரண்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தன. மாமியார் அவற்றின்மேல் போர்வையைப் போட்டு மூடிவிடுவாள், நிழல்காரர் கண்ணில் படாமல் இருக்க.

பெரிய ஓட்டம் நெருங்கியபோது வாரியம் கூப்பிட்டு அனுப்பியது.

"பார்த்தியா! கூப்பிட்டாங்க!" என்று துள்ளினார் கடைக்காரர்.

"இவ்வளவு லேட்டா கூப்பிடற கடைக்காரன் குறைக்கக் கூப்பிட மாட்டான்டா. வேற எதையோ விக்கக் கூப்பிடறான்" என்றாள் மாமியார். "நீ வாயைத் திறக்காதே."

அதே அறை. அதே மேசை. தலைவர் அதே மாதிரி மூச்சு வாங்கி, அதே டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"வாரியத்துக்குக் கருணை உண்டு" என்றார். "எட்டு வருஷத்தையும் எங்களால தள்ளுபடி பண்ண முடியும். ஒரு பேர் சொன்னாப் போதும். மருந்து சாப்பிடற இன்னொருத்தர் பேர். பெரிய பேரா இருந்தாப் பெரிய கழிவு."

கடைக்காரர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஆள் பிடித்துக் கொடுத்தால் கழிவு என்பது அவருக்குப் புரிகிற பாஷை. ஆனால் அதைத் துணிக்கடை வாசலில் கேட்டிருக்கிறார். இப்படி ஒரு அறையில் கேட்டதில்லை.

ஓட்டக்காரிக்கு வேறொன்று புரிந்தது. "அப்ப என் பேரையும் யாரோ சொன்னாங்களா?"

"பயப்படாதீங்க, அதை வெளியே சொல்ல மாட்டோம்" என்றார் செயலாளர். "நீங்க சொல்றதையும் சொல்ல மாட்டோம். எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்படலாம்; யாருக்கும் யார் மேலயும் கோபம் வராது. நல்ல ஏற்பாடு."

கூட ஓடியவர்கள் ஒவ்வொருத்தி முகமும் அவளுக்கு முன்னால் வந்து போனது. ஒரே தண்ணீர் பாட்டிலில் குடித்தவர்கள். கால் பிடித்துக்கொண்டபோது நீவிவிட்டவர்கள். அவர்களில் ஒருத்தி.

"ஊகம் வேண்டாம்மா" என்றார் தலைவர். "கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க. யாராவது மாத்திரை சாப்பிட்டதைக் கண்ணால பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன் சார்."

"எங்கே?"

"இந்த ரூம்ல."

"யாரு?"

"நீங்க."

தலைவர் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. பாட்டிலம்மா எழுந்து, பையிலிருந்து ஒரு புது பாட்டிலை எடுத்துக்கொண்டு, அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"என்னம்மா இது? இது ரத்த அழுத்தத்துக்கு!"

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க" என்றாள்.

"நான் ஓடறவனே இல்லையே! செயலாளரே, நீங்களாவது சொல்லுங்க!"

செயலாளர் தலைவரின் முன்னாலிருந்த தண்ணீர்க் குவளையைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "மருந்து சாப்பிட்டும் ஓடாம இருக்கீங்கன்னா, எதையோ மறைக்கிறீங்கன்னு ஆகுது சார். பயப்படாதீங்க."

கழிவறைக் கதவு சாத்தப்பட்டது. பாட்டிலம்மா உள்ளேதான் இருந்தாள். வெளியே கேட்ட தலைவர் குரல் கொஞ்ச நேரம் அதட்டலாக இருந்தது, பிறகு கெஞ்சலாக. தலைவர் திரும்பி வருவதற்குள் செயலாளர் நடு நாற்காலியில் உட்கார்ந்து, உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுக் கழிவு கிடைத்தது. தடை நீங்கியது. தலைவரைக் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்ட பேரத்தை எங்கள் தெரு கொண்டாடியது. கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். ஓட்டக்காரி மட்டும் கவிழ்த்து வைத்த அண்டாவின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அது ரத்த அழுத்த மாத்திரைன்னு எனக்குத் தெரியும்ங்க" என்றாள்.

"அவங்களுக்கும்தான் தெரியும். விடு."

"அவங்களுக்குத் தெரியறது வேற. நான் எதை வித்துட்டு இதை வாங்கினேன்னு பார்க்கறேன்."

பேரத்தில் சளைக்காதவர் ஒரு மூடியை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

பெரிய ஓட்டத்தின் காலை. கயிறு கட்டிய சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம். ஓட்டம் தொடங்கும் கோட்டருகே வெள்ளை வேன். கதவு திறந்திருந்தது. வேனை ஒட்டி பழைய தலைவர் நின்றார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவருக்கும் எட்டு வருஷம் சொல்லியிருந்தார்கள். என்ன தடை, எதிலிருந்து தடை என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, எட்டு என்றதும் பயந்துவிட்டார். கழிவுக்கு அவருக்கும் ஒரு பேர் வேண்டும். கோட்டில் நின்றவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தார், சந்தையில் காய் பொறுக்குகிறவர் மாதிரி. அவர் பார்வை பட்ட இடத்தில் தலைகள் குனிந்தன. ஒருத்தி நொண்டிக் காட்டினாள்.

புதிய தலைவர் ஒலிபெருக்கியில் பேசினார். பஞ்சுக் குரல் தெருவெல்லாம் கேட்டது. "இன்னைக்கு வேகம் முக்கியம் இல்லை. வேகம் எங்கிருந்து வருதுன்னு எங்களுக்குத் தெரியும். பயப்படாதீங்க."

துப்பாக்கி வெடித்தது.

யாரும் முந்தவில்லை. எல்லாரும் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துக்கொண்டே, சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி தளர்ந்து நகர்ந்தார்கள். முன்னால் அரையடி போய்விட்ட ஒருத்தி பதறிப் பின்வாங்கினாள். கூட்டத்தில் கைதட்டல் இல்லை. காலடிச் சத்தம்கூட இல்லை. வேனுக்குள் உட்கார்ந்திருந்த நிழல்காரருக்கு ஊத ஒன்றும் இல்லை, விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க" என்றது ஒலிபெருக்கி திருப்தியாக. "இப்பத்தான் தண்ணி தெளிவா இருக்கு."

ஓட்டக்காரி நடுவில் இருந்தாள். முழங்கால்கள் ஆடின. இந்த முறை மேலே போர்த்த யாரும் இல்லை. கயிற்றுக்கு வெளியே கடைக்காரர் கூட்டத்தை இடித்துக்கொண்டு கூடவே வந்துகொண்டிருந்தார்.

"மெதுவாப் போம்மா" என்று தணிந்த குரலில் கெஞ்சினார். "வேணாம். பாதி வேகம் போதும். பாதி!"

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணம் பேச வந்த நாளில் அந்தச் சிரிப்பை அவர் பார்த்திருக்க முடியாது. அன்று குரல்தான் கேட்டது.

"குறையாதுங்க" என்றாள்.

கால் கிளம்பியது. இரண்டு தோள்களுக்கு நடுவே புகுந்து, முன்வரிசையைத் தாண்டி, வெறும் சாலைக்கு வந்துவிட்டாள். பின்னால் விசில் ஊதியது. பழைய தலைவரின் கை மெல்ல உயர்ந்து, நீண்டு, அவள் முதுகுக்கு நேரே நின்றது. வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஒலிபெருக்கி அவள் பேரைச் சொல்லி, மிக மென்மையாக, திரும்பி வரச் சொன்னது, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றது, குறைத்துக்கொள்ளலாம் என்றது.

கடை கூப்பிட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.